டெல்டாவில் அகழி உள்ள கோட்டை எங்கே இருக்கிறது?

கேள்வி, ஏப்ரல் 19

கோவையிலிருந்து கேட்கிறேன். மே மாதம் மனைவியின் ஊரான கும்பகோணத்தில் இருப்போம். பிள்ளைகள் கார்ட்டூனில் கோட்டை, அகழி என்று பார்த்துவிட்டு நச்சரிக்கிறார்கள். மதில், அகழி, பக்கத்தில் நிழலாக ஒரு தோட்டம், வயதானவர்கள் உட்கார இடம், இவ்வளவும் சேர்ந்த இடம் டெல்டாவில் உண்டா? மச்சினன் அடித்துச் சொல்கிறான்: "இங்கே கோயிலும் வயலும்தான் மாமா. கோட்டை பார்க்கணும்னா வேலூருக்குப் போங்க."

ஏப்ரல் 19, இரவு

உங்கள் மச்சினன் தஞ்சாவூர்ப் பெரிய கோயிலுக்குப் போயிருப்பார் அல்லவா? அப்படியானால் தெரியாமலே கோட்டைக்குள்ளும் போய்விட்டு வந்திருக்கிறார். ரோட்டிலிருந்து முதல் வாசலுக்கு நடக்கும்போது ஒரு பாலம் வரும். எல்லோரும் அந்த இடத்தில் விமானத்தை அண்ணாந்து பார்த்தபடி போனை நீட்டிக்கொண்டு போவார்கள். கொஞ்சம் குனிந்து பார்த்தால் அகழி. அகழிக்கு அந்தப் பக்கம் கோட்டை மதில்.

ராஜராஜன் கோயிலை முடித்தது 1010-ல். அகழியும் வெளி மதிலும் அதற்கு ஐந்நூறு வருடத்துக்கு மேல் கழித்து, செவ்வப்ப நாயக்கர் காலத்தில் வந்தவை. சிவகங்கைக் கோட்டை என்பார்கள், சின்னக் கோட்டை என்றும் சொல்வதுண்டு. கோயில், சிவகங்கைக் குளம், பூங்கா, ஒரு பழைய சர்ச், எல்லாம் அதே வளைப்புக்குள்தான். நீங்கள் கேட்ட தோட்டமும் ஆயிற்று.

ஏப்ரல் 20

"அது கோயில் மதில், அதைப் போய்க் கோட்டை என்கிறீர்களே" என்று ஒருவர் கோபப்பட்டிருக்கிறார். கோயிலுக்குத் தன் மதில் தனியாக இருக்கிறது சார், மேலே வரிசையாக நந்தி உட்கார்ந்திருக்கும். நான் சொல்வது அதற்கும் வெளியே உள்ளதை. வாசல்களைப் பார்த்துக்கொண்டு போனாலே தெரியும். முதலில் வருவது பிற்காலத்து வாசல், மராட்டா வாயில் என்று பெயர். அதைத் தாண்டி வரும் கேரளாந்தகன் வாயில், ராஜராஜன் வாயில் இரண்டும் சோழர் கட்டியவை. சாமி கும்பிடப் போகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் தேவையில்லை. கோட்டை பார்க்கப் போகிறவர்களுக்கு அதுதான் விஷயமே.

சண்டை நடக்காத கோட்டை என்றும் நினைக்க வேண்டாம். ஆற்காட்டு நவாபுக்காகக் கம்பெனிப் படை 1771-ல் தஞ்சாவூரை முற்றுகையிட்டது. 1773-ல் திரும்ப வந்து பிடித்தே விட்டது. துளஜா மன்னரைச் சிறைவைத்து, 1776-ல்தான் நாட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

ஏப்ரல் 20, கொஞ்ச நேரம் கழித்து

பெரிய கோட்டை எங்கே என்று கேட்டவருக்கு: அரண்மனையைச் சுற்றிய ஊரே அதுதான். கீழ ராஜ வீதி, மேல ராஜ வீதி, தெற்கு வீதி, வடக்கு வீதி எல்லாம் உள்ளே. அதற்கு வெளியே கீழ அலங்கம், மேல அலங்கம், வடக்கு அலங்கம் என்று வருகிற தெருக்கள் மதில் ஓரம். மதில் பல இடத்தில் போய்விட்டது, அகழியும் துண்டு துண்டாகத்தான் மிச்சம். குழந்தைகளோடு போய்ப் பார்க்கிற மாதிரி முழுசாக இருப்பது சின்னக் கோட்டைதான்.

ஏப்ரல் 23

சரி, நாங்கள் போன கதை. போன கோடையில் நாத்தனார் பெங்களூரிலிருந்து பையன்களோடு வந்திருந்தாள். நான், வீட்டுக்காரர், என் மகள், மாமியார், எல்லோரும் ஒரே காரில். சின்னவன் பாலத்தில் நின்றதும் கேட்ட முதல் கேள்வி, "முதலை எங்கே?"

மாமியார் எட்டிப் பார்த்துவிட்டு, "முதலையெல்லாம் வேலூர்லடா. இங்க தவளைதான்" என்றார். அன்றைக்குத் தவளை இருக்கவும் தண்ணீர் இல்லை. புல்லும் புதரும்தான். பையன் முகம் சுருங்கிப்போயிற்று.

பெரியவன் கொஞ்சம் விவரம். "தண்ணி இல்லாட்டி எதிரி இறங்கி ஏறி வந்துடுவானே" என்றான். வீட்டுக்காரர் அவனைக் கைப்பிடிச் சுவரோரம் நிறுத்தி, நீ எதிரி என்று வைத்துக்கொள், இறங்கினால் எந்தப் பக்கம் ஏறுவாய், மேலே நிற்கிறவனிடம் கல் இருந்தால் போதும், துப்பாக்கி இருந்தால் உன் கதி என்ன என்று கேட்டார். அதோடு முதலையை மறந்துவிட்டார்கள். உள்ளே போனபிறகும் மதில் எங்கே உயரம், எங்கே இடிந்திருக்கிறது என்றே இருவரும் அலைந்தார்கள். 216 அடி விமானத்தை நாங்கள்தான் பிடித்து நிறுத்திக் காட்ட வேண்டியிருந்தது.

ஒரு வழிகாட்டி கூடவே வந்து, விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று ஆரம்பித்தார். மணி ஒன்பதரை. நிழல் எங்கள் காலடியில் கிடந்தது. மாமியார் அந்த நிழலில் போய் உட்கார்ந்துகொண்டார். வழிகாட்டி அடுத்த குடும்பத்தைத் தேடிப் போய்விட்டார்.

ஏப்ரல் 23, தொடர்ச்சி

நேரம் பற்றி. மே மாதம் பத்து மணிக்கு மேல் முற்றத்தில் வெறுங்காலோடு நடக்க முடியாது. விரிப்புப் போட்டிருப்பார்கள், அதிலிருந்து இறங்கினால் பொரிந்துவிடும். விடிகாலை போய்விடுங்கள். முதலில் கோயில், வெயில் ஏற ஏறப் பூங்கா, அப்புறம் அரண்மனை. மதியம் நடை சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள்.

ஏப்ரல் 26

மேலே விடிகாலை என்று எழுதினேன். மகள் படித்துவிட்டுச் சண்டை போடுகிறாள், சாயங்காலம்தான் நன்றாக இருந்தது என்று. அவள் சொல்வதிலும் நியாயம் உண்டு. காலை வெளிச்சத்தில் கல் வெளிறித் தெரியும். ஐந்து மணிக்கு மேல் செம்மண் நிறத்துக்கு வரும், காற்றும் இருக்கும், ஊர்க்காரர்கள் புல்லில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருப்பார்கள். வயதானவர்கள் கூட வந்தால் காலை, பிள்ளைகள் மட்டும் என்றால் மாலை. அகழிக்கு மட்டும் எந்த நேரமும் சரி, ஆனால் மாதம் முக்கியம். தண்ணீரோடு பார்க்க வேண்டுமானால் வடகிழக்குப் பருவமழை பெய்தபிறகு, நவம்பர், டிசம்பரில் வாருங்கள். மே மாதம் வருகிறவர்கள் புதரைப் பார்த்துவிட்டு என்னைத் திட்டக் கூடாது.

ஏப்ரல் 27

ஒரு தம்பி கேட்கிறார், "அக்கா, கோயிலை ஒட்டி ஓடுகிறதே, அதுதானே அகழி?" அது புது ஆறு. கல்லணைக் கால்வாய் என்பது காகிதத்தில் உள்ள பெயர். மேட்டூர் அணையோடு சேர்ந்து 1934-ல் வந்தது. நாயக்கருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. வெளியூர்க்காரர்கள் பாதிப் பேர் அதைப் படம் எடுத்து அகழி என்று போடுகிறார்கள். ஜூன் 12-ல் மேட்டூரைத் திறந்து தண்ணீர் வந்துவிட்டால் அது நிரம்பி ஓடும், பக்கத்திலேயே உண்மையான அகழி காய்ந்துகிடக்கும், அப்புறம் யார்தான் குழம்ப மாட்டார்கள்.

மே 2

பூங்காவைப் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். எனக்கு அதுதான் பிடித்த இடம்.

சிவகங்கைப் பூங்கா கோயிலுக்கு வடக்கே. 1870-களில் நகராட்சி ஏற்படுத்தியது. ஸ்மார்ட் சிட்டி வேலை என்று சில வருடம் மூடிக்கிடந்து திரும்பத் திறந்தார்கள். மாமியாருக்குப் புதுசு எதுவும் பிடிக்கவில்லை. "மான் எங்கே, பழைய மரம் எங்கே" என்று கேட்டுக்கொண்டே வந்தார். பெண் பார்க்கும் படலத்துக்கு முன்னாலேயே மாமனார் அவரை இந்தப் பூங்காவில் வைத்துத் தூரத்திலிருந்து பார்த்தாராம். இது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. வீட்டுக்காரரே அன்றைக்குத்தான் கேட்டார்.

குளம்தான் உயிர். அப்பர் தேவாரத்தில் வரும் தஞ்சைத் தளிக்குளம் இதுதான் என்பார்கள், அப்படியானால் பெரிய கோயிலுக்கும் மூத்தது. கோயில் முற்றத்தில் விழுகிற மழை வடிந்து இந்தக் குளத்துக்கு வரும்படி செய்திருந்தார்கள். நாயக்கர் காலத்தில் ஊருக்கு வெளியே செவ்வப்பநாயக்கன் ஏரியை வெட்டி, மழைநீரைப் பிடித்து, அங்கே மண்டி படியவிட்டு, தெளிந்த தண்ணீரை நிலத்துக்கு அடியில் இந்தக் குளத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஜலசூத்திரம் என்று அதற்குப் பெயர். இங்கிருந்து மறுபடி நிலத்தடியிலேயே கோட்டைக்குள் இருந்த குளங்களுக்கும் கிணறுகளுக்கும் போயிற்று. மேல வீதி அய்யன்குளத்தைச் சமீபத்தில் தூர்வாரிச் சீரமைத்தபோது அந்தப் பழைய நீர்வழி தெரியவந்தது, பேப்பரிலெல்லாம் போட்டார்கள்.

கோட்டை என்றதும் நாம் பீரங்கியையும் மதிலையும் பார்க்கிறோம். முற்றுகை போட்டவன் வெளியே மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தால் உள்ளே இருக்கிறவர்கள் எதைக் குடிப்பார்கள்? பூங்காவில் பையன்களிடம் இதைக் கேட்டேன். பெரியவன் "பிஸ்லேரி" என்றான். நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் அப்புறம் ஏரி, குளம், கிணறு என்று மண்ணில் குச்சியால் வரைந்து காட்டியபோது, "ஏரி கோட்டைக்கு வெளியே இருக்கே, எதிரி அதை அடைச்சா?" என்று அவனே கேட்டான். நல்ல கேள்வி. அதற்காகத்தான் உள்ளேயும் குளமும் கிணறும் என்று வீட்டுக்காரர் ஒரு மாதிரி சமாளித்தார்.

மே 2, மறுபடி

சாப்பாடு: கட்டுச்சோறு கொண்டுபோனோம். புளியோதரை, தயிர்சாதம், வடுமாங்காய். மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். இலையையும் கவரையும் திரும்ப எடுத்துப் போங்கள். அகழியில் கிடக்கிற பாட்டில்கள் வானத்திலிருந்து விழுந்தவை அல்ல.

மே 5

அகழி ஆக்கிரமிப்பு பற்றி ஒருவர் சூடாக எழுதியிருக்கிறார், பெரிய கோட்டை அகழியைச் சாக்கடையாக்கிவிட்டார்கள், குடிசை போட்டவர்களால்தான் எல்லாம் போயிற்று என்று. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் பேசினேன். ஆனால் அலங்கத்துப் பக்கம் தலைமுறையாக இருந்தவர்களில் எங்கள் வீட்டில் வேலை செய்த அம்மாவும் ஒருவர். அகழியை மீட்பதற்காகக் காலி செய்யச் சொன்னபோது ஊருக்கு வெளியே வீடு கிடைத்தது, ஆனால் அங்கிருந்து வேலைக்கு வர பஸ் சரியாக இல்லை, வருவதை நிறுத்திவிட்டார். அகழி திறந்தது எனக்குச் சந்தோஷம்தான். அவர்களைத் திட்டித்தான் அந்தச் சந்தோஷத்தைக் காட்ட வேண்டும் என்று இல்லை. சாக்கடையைத் திருப்பி விட்டவர்கள் எல்லாம் குடிசைக்காரர்களும் அல்ல, மாடி வீட்டுக் குழாயும் அங்கேதான் வந்து சேர்ந்தது.

மே 9

பட்டுக்கோட்டைக்காரர் வந்துவிட்டார். "மனோராவை விட்டுவிட்டீர்களே" என்கிறார். விடவில்லை, வைத்திருந்தேன்.

கேட்டவருக்கு: பட்டுக்கோட்டையிலிருந்து சேதுபாவாசத்திரம் பக்கம், கடலோரம். தஞ்சை மராத்திய மன்னர் சரபோஜி கட்டிய எட்டு மாடிக் கோபுரம், அறுகோணம், சுமார் 75 அடி. சுற்றி மதில், அதைச் சுற்றி அகழி. கார்ட்டூன் கோட்டைக்கு டெல்டாவில் இதைவிடக் கிட்டே எதுவும் வராது. பையன்களைப் பொறுத்தவரை தஞ்சாவூர் தோற்றுவிட்டது. காரிலிருந்து இறங்கியதும் ஓடினார்கள் பாருங்கள், நாத்தனார் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓட வேண்டியதாயிற்று. அகழி இங்கேயும் காய்ந்ததுதான், ஆனால் சின்ன இடம் என்பதால் முழு வட்டமும் ஒரே பார்வையில் புரியும்.

அரச குடும்பம் வந்து தங்கியதும் உண்டு, கலங்கரை விளக்கமாகவும் இருந்தது என்பார்கள். பாக் நீரிணையின் இந்தப் பகுதியில் 2022-ல் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தார்கள். மீனவர்கள் ஆவுளியா என்பார்கள். பையன்கள் கரையில் நின்று அரைமணி நேரம் தேடினார்கள். கடற்பசு அப்படியெல்லாம் வந்து தலை காட்டாது. வாடாமல் பார்த்துக்கொள்ள ஐஸ் வாங்கிக் கொடுத்தோம்.

மே 10

பட்டுக்கோட்டைக்காரர் "வாட்டர்லூவில் நெப்போலியன் தோற்றதற்காகக் கட்டியது" என்று சேர்த்திருக்கிறார். எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம். ஆனால் அங்கே உள்ள கல்வெட்டு, ஆங்கிலேயப் படையின் வெற்றிகளுக்கும் போனபார்ட்டின் வீழ்ச்சிக்கும் நினைவாக என்று சொல்லி 1814 என்று போடுகிறது. வாட்டர்லூ 1815 ஜூன். 1814 ஏப்ரலில் நெப்போலியன் பட்டம் துறந்து எல்பா தீவுக்குப் போனானே, கல்லில் உள்ள வருடம் அதற்குத்தான் பொருந்தும். அவன் தப்பித்து வந்து மறுபடி தோற்றதெல்லாம் அதற்குப் பிறகு. சரபோஜி கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார், ஆனால் கடைசியில் கணக்கு சரியாகிவிட்டது.

மே 10, இரவு

பட்டுக்கோட்டைக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. "ஆங்கிலேயனுக்கு ஜால்ரா அடிக்க ஒரு கோபுரம், அதுக்கு வருஷம் என்ன கேடு" என்கிறார். ஜால்ரா என்பதைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். சரபோஜி 1798-ல் பட்டத்துக்கு வந்தார். 1799 ஒப்பந்தத்தில் நாட்டு நிர்வாகம் முழுவதும் கம்பெனிக்குப் போயிற்று. அவருக்கு மிஞ்சியது தஞ்சைக் கோட்டையும் அதை ஒட்டிய கொஞ்சமும்தான். அதாவது அந்த அகழிக்குள்தான் ராஜா. வெளியே கடற்கரையில் கட்ட வேண்டுமென்றால் எந்தச் சாக்கில் கட்டினால் கம்பெனி வாயைத் திறக்காது? இது என் ஊகம் மட்டும். ஆனால் உள்ளே இருந்துகொண்டு அந்த மனுஷன் சரஸ்வதி மகாலுக்குப் புத்தகம் சேர்த்தார், கண் வைத்தியம் செய்தார், அச்சகம் வைத்தார், பெரிய கோயில் சுவரில் தன் வம்ச வரலாற்றை மராத்தியில் 1803-ல் வெட்டிவைத்தார். அதிகாரம் போனவர் கை சும்மா இருக்கவில்லை. அவர் மகன் சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் 1855-ல் இறந்ததும் கோட்டைக்குள் இருந்ததும் போயிற்று.

இதோடு சேர்த்து, முதலில் சொன்னேனே, சின்னக் கோட்டைக்குள் உள்ள பழைய சர்ச், அதற்கும் போய்விட்டு வாருங்கள். 1779-ல் ஸ்வார்ட்ஸ் பாதிரியார் கட்டியது. சரபோஜியை இளம்வயதில் காப்பாற்றிப் படிக்கவைத்தவர் அவர். அவர் சாகும் தறுவாயில் சரபோஜி கட்டிலருகே நிற்பதைச் சலவைக்கல்லில் செதுக்கி, லண்டன் சிற்பி பிளாக்ஸ்மனிடம் சொல்லி வரவழைத்து உள்ளே வைத்திருக்கிறார். பெரிய கோயிலுக்குச் சில நூறு அடி தள்ளி, ஒரு இந்து ராஜா தன் கிறிஸ்தவ குருவுக்கு வைத்த கல். எங்கள் கூட்டத்தில் அங்கே அதிக நேரம் நின்றது மாமியார்தான். "கையைப் புடிச்சிருக்கார் பாரு" என்று மட்டும் சொன்னார்.

மே 14

தரங்கம்பாடியைச் சேர்க்கலாமா என்று கேட்ட மயிலாடுதுறைக்காரருக்கு: சேர்க்கலாம், ஆனால் அகழி என்று நம்பிப் போக வேண்டாம். டேன்ஸ்போர்க் கோட்டை 1620-ல், ரகுநாத நாயக்கரோடு செய்த ஒப்பந்தத்தில் டென்மார்க்காரர்கள் கட்டியது. அகழியும் தூக்குப் பாலமும் இருந்தன, இப்போது அகழியின் சுவடே இல்லை. 1845-ல் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். கடல் காற்று, மணல், மேலே ஏறி நின்று பார்த்தால் அலை, அதுவே போதும். உள்ளே அருங்காட்சியகம் இருக்கிறது, வெள்ளிக்கிழமை விடுமுறை. தோட்டம் கிடையாது, ஆனால் கடற்கரை இருக்கும்போது யார் தோட்டம் கேட்கிறார்கள்.

கும்பகோணத்தில் தங்குகிறவர்களுக்கு ஒரு நாளில் தஞ்சாவூர், இன்னொரு நாளில் தரங்கம்பாடி. மனோராவுக்குத் தனி நாள். மூன்றையும் ஒரே நாளில் அடைத்தால் திரும்பும்போது காரில் ஒருவரோடு ஒருவர் பேச மாட்டீர்கள்.

மே 21

கோவைக்காரர் போய்விட்டு வந்து எழுதியிருக்கிறார். மச்சினன் பாலத்தில் நின்று, "இத்தனை வருஷம் இதைப் பார்க்கலையே" என்றாராம். அகழி காய்ந்திருந்ததாம், என்னைத் திட்டவில்லை, நன்றி. பூங்காவில் மாமியாருக்கு நிழல் கிடைத்ததாம். அரண்மனையில் பிள்ளைகளுக்குச் சலிப்புத் தட்டியதாம்.

சலிப்புத் தட்டினால் திமிங்கலம் பார்க்கவில்லை என்று அர்த்தம். அரண்மனையில் தரங்கம்பாடிக் கரையில் ஒதுங்கிய திமிங்கலத்தின் எலும்புக்கூடு வைத்திருக்கிறார்கள். எங்கள் பையன்கள் வெண்கலச் சிலைகளைப் பார்த்தது அரை நிமிடம், அதைப் பார்த்தது அரை மணி.

மே 22

திமிங்கலத்தைப் பார்க்கவில்லையாம். பீரங்கியையும் பார்க்கவில்லையாம். அட, கோட்டை பார்க்கப் போய்ப் பீரங்கியைப் பார்க்காமலா?

அடுத்த தடவை ஆட்டோக்காரரிடம் "கீழவாசல், பீரங்கி மேடு" என்று சொல்லுங்கள். பெரிய கோட்டையின் கிழக்குப் பக்கத்து மேடு அது. ராஜகோபாலப் பீரங்கி என்று பெயர், ரகுநாத நாயக்கர் காலம், சுமார் 26 அடி நீளம், இருபது டன்னுக்கு மேல். வார்த்தது இல்லை. நீள நீள இரும்புப் பட்டைகளைச் சேர்த்து, மேலே வளையம் வளையமாகக் காய்ச்சி அடித்து இறுக்கியது. கிட்டே போய்ப் பார்த்தால் வளையங்களைத் தடவி எண்ணலாம், பிள்ளைகளுக்கு நல்ல வேலை. வெயிலில் கை வைக்க வேண்டாம், சுட்டுவிடும். மேட்டுக்கு ஏற வேண்டும், முட்டிவலி உள்ளவர்களைக் கீழே டீக்கடையில் உட்காரவைத்துவிடுங்கள்.